பதினாலாவது கேள்வி

நாளுக்கு நானூறு ரூபாய், மதியச் சாப்பாடு தனி.
தமிழில் கேட்டு
இங்கிலீஷ் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.
பதிமூன்று வரை தடங்கல் இல்லை:
வயது, ரேஷன் அட்டை, கடன், கழிப்பறை.
பதினாலில் நிற்கிறது அந்தச் சொல்.
உங்கள் தொழில் டிஃபிகல்ட்டா?
ஆம். இல்லை. ஓரளவு.

சின்னப்பாலத்துக் கரையில்
விரல்களுக்குக் கிழிந்த சேலைத்துணி சுற்றிக்கொண்டிருந்தார் இன்னாசியம்மாள்.
ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சுற்று,
பல்லால் இழுத்து ஒரு முடிச்சு.

கஷ்டமா, என்றேன்.
கஷ்டம் வீட்டுல.
சிரமமா?
சிரமம் பாக்காம வந்துட்டுப் போங்கன்னு
கல்யாணத்துக்குச் சொல்றதுல்ல அது.
கடினம்?
அது பாடப் புஸ்தகத்துல.

முந்தின ராத்திரி பாம்பன் லாட்ஜில்
கொசு தூங்கவிடாமல்
அகராதியைத் தோண்டியிருந்தேன்.
அந்தச் சொல்லுக்குள்ளே லத்தீனில் ஒரு 'செய்' ஒளிந்திருக்கிறது.
செய்யத் தோதானது எதுவோ
அது அல்லாதது. அவ்வளவுதான் அர்த்தம்.
இன்னொன்றும் போட்டிருந்தது:
ஆங்கிலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது
பெயர்ச்சொல்லாம்.
இடர் வந்து, குடியமர்ந்து,
அடுப்பும் பற்றவைத்த பிறகுதான்
அதன் வாலை நறுக்கி
ஒரு பெயரடை செய்துகொண்டார்களாம்.

எதற்கு இதை அவரிடம் சொன்னேனோ.
பின்ன என்ன, என்றார்,
புள்ள பெறந்த பொறவுதான பேரு.

காலில் அலுமினியத் தட்டைக் கட்டி
பாரை நோக்கி நீந்திப் போனார்.
நான் கரையில் மூச்சை எண்ணிப் பார்த்தேன்.
என் மூச்சு இருபத்திரண்டில் முடிந்தது.
அவர் தலை இன்னும் மேலே வரவில்லை.
நீவாடு திரும்பிவிட்டதென்று
பக்கத்தில் வலை உதறியவர் சொன்னார்,
என்னிடம் இல்லை, கடலிடம்.

உச்சி வெயிலில் அரைச்சாக்கு மரிக்கொழுந்துப் பாசியோடு ஏறி வந்தார்.
துணிக்கு மேலேயும் ரத்தம்.
பாடு எப்பிடி, கேட்டது ஒரு படகு.
பாடு இல்ல.

கிடைத்தால் அது பாடு.
கிடைக்காமல் படுவதும் பாடு.
தவக்காலத்தில்
கோயில் சுவரில் பதினாலு படமாய்ச் சுற்றி வந்து
முட்டி போடுவதும் அதற்குத்தான்.
கடல் மூன்றுக்கும் ஒரே சொல் கொடுத்திருக்கிறது,
கஞ்சமோ, சிக்கனமோ.

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
தமிழில் எழுதினேன்: பாடு.
ராமநாதபுரத்திலிருந்து போனில் சார்:
பதினாலு காலியா இருக்கே தம்பி,
கம்ப்யூட்டர் எடுக்காது.
ஓரளவுன்னு போட்ரவா?

இன்னாசியம்மாள் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்,
விரல் விரலாக.
பதினஞ்சு என்ன, என்றார்.

பதினைந்து:
ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?