மிச்சக் காற்று

கதவுக்குக் கீழே ஒரு முழம்.
யாரும் குனிந்து பார்க்காத இடம்,
வாங்க வருகிறவனைத் தவிர.

ஞாயிறு வருகிறானாம்.
வெள்ளவத்தை மிஸிஸ் கனகசுந்தரம்
நேற்று மட்டும் நாலு தரம் போன்.

எனக்கு முன்னே எவனோ பட்டி அப்பி
சலூனில் மழித்த கன்னம் மாதிரி
வழித்து விட்டிருக்கிறான்.
சுரண்டினேன். உள்ளே துரு,
மரைன் டிரைவ் உப்பில் ஊறிய துரு,
சுண்டுவிரல் போகும் ஓட்டை ஒன்று.
தகரம் வைத்து ஒட்டி, ரெட் ஒக்சைட் அடித்தேன்.
அதுவரைக்கும் சுகம்.

சொரசொரப்புத்தான் வரமாட்டேன் என்றது.
பிரான்சில் எந்த மெசின் துப்பியதோ,
பழைய பக்கம் குளிரில் சிலிர்த்த கை.
அட்டைப் பெட்டியில் அடித்துப் பார்த்தேன்:
ரவை.
தின்னர் கூட்டினேன்: வியர்க்குரு.
நொசிலை மாற்றினேன்:
ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு.

மாளிகாவத்தையில் அஸர் பாங்கு முடியவும்
கரண்ட் போனது.
கொம்பிரசர் ஒருதரம் விக்கி அடங்கியது.

கன் நிறையப் பெயின்ட். காய்ந்தால் கன்னும் போச்சு.
தாங்கியில் மிச்சக் காற்று,
முள் நாற்பதிலிருந்து இறங்குகிறது.
வந்த ஆத்திரத்தில்
நேரே காரிலேயே அடித்தேன்.

முப்பதில் துளி தடித்தது.
இருபத்தைந்தில் தும்மல் தும்மலாய் விழுந்து
பழையதன் ஓரத்தில் போய்
சொந்தக்காரன் போல உட்கார்ந்தது.

பக்கத்துக் கடை ஜவ்ஸி டோர்ச் பிடித்தான்.
"எங்க நானா, புதுசு எது?"
தடவிக் காட்டக் கை துடித்தது. ஈரம்.

பில்லில் எழுதினேன்:
டெக்ஸ்சர் வேலை, பதினெட்டாயிரம்.
கரண்ட் போனதை எழுதவில்லை.