வலது காலுக்கு விடுமுறை

முழங்காலைக் கீறித் தைத்த வைத்தியர்
அழுத்திப் பிடிக்கிற வேலை வேண்டாம் என்றார்.
என் வேலையே அதுதான்.
வாரம் ஆறு நாள், புர்க்டோர்ஃபிலிருந்து இன்டர்லாக்கன் வரை
விடுதிகளுக்கு வெள்ளைத் துணி ஏற்றிப் போய்
அழுக்கை ஏற்றி வருகிறவள்.
வானுக்கு இருபத்தொன்பது வயது. ஐந்து கியர்.
தானாய்ச் செய்யத் தெரிந்தது
துருப்பிடிப்பது ஒன்றுதான்.

ஆகவே ஒரு பெட்டி வாங்கினேன், குரூஸ் கொன்ட்ரோல்.
உள்ளே கைப்பிடியளவு மோட்டார், ஒரு கேபிள், இரண்டு காந்தம்,
பதினொரு நிறத்தில் வயர்,
நாலு பாஷையில் ஒரே குழப்பம்.
குகனேசன் ஜெர்மன் பக்கத்தை வாசித்தான்,
பிரெஞ்சுப் பக்கத்தையும் வாசித்தான்,
பிறகு படத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
சின்ன வேலை என்றான்.

ஞாயிறில் சத்தம் போடக்கூடாத ஊர்.
துளைபோடுவதைச் சனி பின்னேரத்துக்குள் முடித்து
மிச்சத்தை மூச்சுக்காட்டாமல் செய்தோம்.
அவன் வானுக்கு அடியில், சில்லுத் தண்டில் காந்தம் ஒட்டினான்.
நான் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையும்
சீட்டின் மேலே காலுமாய்,
வாயில் டோர்ச்சைக் கடித்தபடி
கிளச் பெடலுக்குப் பின்னால்
நகமளவு சுவிட்ச் ஒன்றைப் பூட்டினேன்.

ஓடிப் பார்த்தோம். எதையும் அது பிடிக்கவில்லை.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் காரணம்:
பிரேக் விளக்கின் இழை வழியாகத்தான்
அந்தப் பெட்டி நிலத்தைத் தொட்டுப் பார்க்கிறதாம்,
விளக்கு எரியாமல் இருக்கும்போது.
போன மாரியில் குகனேசன் பெருமையாய் மாட்டிய
எல்.ஈ.டி பல்புகளில் இழை கிடையாது.
கழற்றும்போது அவன் ஒன்றும் பேசவில்லை.
பழைய பல்பைக் காதருகே வைத்து ஆட்டினேன்.
அறுந்திருந்தால் கிணுங்கும்.
கிணுங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிடித்தது. பிடித்தது, விடவில்லை.
வளைவில் நான் கிளச்சை மிதிக்க
பாரம் கழன்ற எஞ்சின்
அலுமாரிக்குள் அகப்பட்ட பூனையாய்க் கத்தியது.
"சுவிட்சை மாறிப் பூட்டிப்போட்டாய்."
"நீதானே நிறம் சொன்னனீ."
மண்ணிறமும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்று என்பது
பதினாறு வருடக் கலியாணத்தில்
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
அவனுக்கும்.

பிறகு ஒரு நாள் தனியே எடுத்துக்கொண்டு போனேன்.
கிர்ஷ்பெர்க்கில் ஏறி, ஐந்தாம் கியர், நூறு,
பொத்தானை அமத்திக் காலை எடுத்தேன்.
பெடல் அப்படியே நின்றது.
சின்ன ஏற்றத்தில், தொடுவார் இல்லாமல்
தன்பாட்டில் அமிழ்ந்தது,
ஏற்றம் முடிய நிமிர்ந்தது.
அதைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்று
எனக்கே சொன்னேன்.

வேலையில்லாத கால்
விருந்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்த ஆளைப்போல
கொஞ்சம் அந்தரப்பட்டு,
எங்கே இருப்பதென்று தெரியாமல்
இடது காலுக்குப் பக்கத்தில் போய் ஒதுங்கியது.
இரண்டும் சேர்ந்திருப்பதை
அந்த இருக்கையிலிருந்து நான் கண்டதேயில்லை.
சப்பாத்து இரண்டிலும் ஒரே தேய்வு இல்லை.

கிறீக்ஸ்டெட்டன் வந்தது, இறங்கித் திரும்பவேண்டிய இடம்.
இறங்கினால் கிளச் மிதிக்கவேண்டும்.
மிதித்தால் இது போய்விடும்.
வாங்கனில் இறங்கலாம் என்று விட்டேன்.
வாங்கனையும் விட்டேன்.

ஃபோன் ஸ்பீக்கரில் குகனேசன்.
"வேலை செய்யுதோ?"
"செய்யுது."
"அப்ப ஏன் இன்னும் வரேல்ல?"

நிப்பாட்ட இடம் பார்க்கிறன் என்றேன்,
ஏகர்கிங்கனைத் தாண்டி.