வெள்ளைப் படங்கள்

சத்தியவேடு கம்பெனியிலிருந்து ஏழு பேரை
பயிற்சிக்கு ஹெஃபெய் அனுப்பினார்கள்.
ஏசி மெஷினில் எங்கே காற்று கசிகிறதென்று
காதை வைத்துக் கண்டுபிடிப்பது என் வேலை.

இரண்டாம் ஞாயிறு
மஞ்சள் மலைக்குக் கூட்டிப்போனாள் லியாங்.
உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற மலையாம்.
வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி,
கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி
உச்சியில் இறங்கினால்
ஒன்றுமே இல்லை.
பஞ்சுக் குடோனுக்குள் தள்ளிக்
கதவைச் சாத்தியதுபோல் வெள்ளை.
நீட்டிய கை முழங்கை வரைதான் என்னுடையது.

லியாங்குக்கு முகம் சுண்டிப்போனது.
விருந்தாளி சாப்பிட உட்கார்ந்த நேரம் கரண்ட் போனால்
நம் வீட்டில் நிற்போமே, அப்படி நின்றாள்.
ஃபோனிடம் ஏதோ சொன்னாள்.
ஃபோன் தமிழில் சொன்னது:
"மன்னிக்கவும். மலை இன்று விடுப்பில் உள்ளது."

நகரி முனிரத்தினம் சிரித்த சிரிப்பு
எதிலோ பட்டுத் திரும்பி வந்தது.
எதிரே பாறை இருக்கிறதென்று
அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பிறகு படிகள்.
திருப்பதிக்குப் படிக்குப் படி
மஞ்சள் குங்குமம் வைத்து ஏறிய வீட்டுக்காரன் நான்.
மஞ்சள் மலையில் ஒரு படியிலும் மஞ்சள் இல்லை,
ஈரம் மட்டும்.

கீழேயிருந்து வந்தது
டொக்.
கொஞ்சம் விட்டு
டொக்.

ஐம்பது வயதிருக்கும்.
தோளில் மூங்கில், ஒரு முனையில் தண்ணீர் பாட்டில் கட்டு,
மறு முனையில் ஓட்டல் போர்வை மூட்டை.
என் பக்கத்தில் நின்று
கைத்தடியை நட்டு மூங்கிலை அதன் தலையில் ஏற்றி
தோளை மட்டும் வெளியே உருவிக்கொண்டார்.
சுமை தானே நின்றது.

"சுமைதாங்கி" என்றேன், வாய்விட்டு.
லியாங்கின் ஃபோன் விழித்தது,
சிக்னல் இல்லை.

சுருட்டப்பள்ளிக் கூட்டுரோட்டில் ஒன்று இருக்கிறது,
இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தி.
வயிற்றுச் சுமையோடு போய்விட்ட
யாரோ ஒருத்தியின் பேரில்.
பேர் தேய்ந்துவிட்டது.
அந்தக் கல் வரைக்கும் தம் பிடித்து நடக்க வேண்டும்.
இவர் கல்லைக் கையோடு கொண்டுவருகிறார்.

மூங்கிலைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று சைகை செய்தேன்.
தூக்கினேன். அதாவது, முயன்றேன்.
ஓட்டைப்பல் தெரியச் சிரித்து
ஐந்து விரலை இரண்டு தரம் விரித்துக் காட்டினார்.
பத்து நடையா, பத்து மணியா,
பத்து வருஷமா, தெரியவில்லை.
தோளைக் கொடுத்தார். போனார்.
ஆள் மறைந்து வெகுநேரம்
டொக் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டில் சுகுணா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
நாற்பத்தொரு படம். நாற்பத்தொன்றும் வெள்ளை.
"இதுக்கா பாஸ்போர்ட்டு எடுத்தே?"
"கொண்ட எக்கடய்யா?" என்றார்
பக்கத்து வீட்டு வெங்கடமுனி, சட்டைப் பையில்
கண்ணாடியைத் தேடிக்கொண்டே.
இருபத்து மூன்றாவது படத்தின் ஓரம்
ஒரு தடியின் நுனி.
தூசி என்று நினைத்துத் துடைத்தாள்.

வெயில் வந்ததும் லியாங் ஒரு படம் அனுப்பினாள்.
பாறையெல்லாம் எண்ணலாம்,
பாறையில் தொற்றிய பைன் மரத்தின் ஊசியைக்கூட எண்ணலாம்.
எல்லோருக்கும் காட்டினேன், பிரமாதம் என்றார்கள்.
எனக்கு அது யாரோ போய்வந்த மலை.
காதில் வைத்துக்கூடப் பார்த்தேன்.

இன்றைக்கு முதல் ஷிப்டு, பஸ் வரவில்லை.
ஆரணியாற்றுப் பக்கமிருந்து பனி
ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
பையைத் தோளிலிருந்து கழற்றிக் கல்மேல் வைத்தேன்.
உள்ளேயிருந்த டிபன் கேரியர் கல்லில் பட்டது.
சத்தம் சரியாக இல்லை.
எடுத்து
இன்னொரு முறை வைத்தேன்.