பதினேழு மில்லிமீட்டர்

அப்பா விழுந்தது மெம்பிஸின் சரக்குத் துறையில்,
ஒரு செவ்வாய்க்கிழமை,
கையில் பாதி தின்ற பீச் பழம்.
நாற்பத்தொரு வயது.
பிரேதப் பரிசோதனைத் தாளில்
இதயத்தின் எடையை எழுதியிருந்தார்கள்:
அறுநூற்றுப் பத்து கிராம்.
நெஞ்சழுத்தக்காரன் என்பாள் அம்மா, சண்டைகளில்.
அப்புறம் அந்தச் சொல்லை அவள் எடுக்கவேயில்லை.

எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
எனக்குப் பதினேழு. கோர்லிஸுக்குப் பதினான்கு.
அப்பாவின் திசுவில் மாறியிருந்த அதே எழுத்து
என்னிடமும் மாறியிருந்தது.
மூன்று நூறு கோடி எழுத்தில் ஒன்று.
அவனிடம் மாறவில்லை.
'நீ இனி வர வேண்டியதில்லை' என்று
அவன் தோளைத் தட்டினார் மருத்துவர்.
என்னிடம், 'நீ இனி ஓடக் கூடாது.'

நானூறு மீட்டர், நாற்பத்தெட்டு நொடி.
ஆணிக் காலணியை அத்தை மகன் வாங்கிப் போனான்,
அவனுக்கு ஓர் அளவு பெரிது,
நுனியில் காகிதம் திணித்துக்கொண்டான்.
எனக்குக் காலையில் ஒரு மாத்திரை,
வருடம் ஒரு முறை
இவெட்டின் குளிர்ந்த பசை, இருட்டறை,
திரையில் என் நெஞ்சின் நடுச்சுவர்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
மறு வருடமும் பன்னிரண்டு.
படிக்கட்டில் நின்று நின்று ஏறப் பழகினேன்.
கோர்லிஸ் தீயணைப்பில் சேர்ந்தான்.
முப்பது கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு
பதினான்காம் மாடிக்கு ஓடுகிறவன்.

ஒன்பது வருடம் கழித்து
ஹால்வர்சன் அம்மாள் எங்களை அழைத்தாள்.
மேசையில் தண்ணீர்க் குவளை, ஒரு டிஷ்யூப் பெட்டி.
அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே
வயிற்றில் புளியைக் கரைத்தது.

'அந்த எழுத்து நோயில்லை' என்றாள்.
மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து
கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களின் பிள்ளைகளில்
பலரிடம் அது இருக்கிறதாம்,
யாரையும் ஒன்றும் செய்யாமல்.
அன்று ஒப்பிட்டுப் பார்த்த பட்டியலில்
பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவர்கள்.
அவர்களிடம் இல்லாததைப்
பிழை என்று படித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு ஞாயிறு
எங்கள் தேவாலயத்துக்கு வந்து எண்ணியிருக்கலாம்.
எண்பது வயதில் டிரம் அடிக்கும் டீக்கன் லவெலிடம்
இருந்திருக்கும் அது.
ஆல்டோ வரிசையில் எவளிடமாவது இருந்திருக்கும்.
தலையெழுத்து என்று நான் விழுங்கியது
வெறும் எழுத்து.

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.
அவள் சிரிக்கவில்லை.
குவளையை நகர்த்தினாள், திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.
'அப்படியானால்
உங்கள் அப்பாவின் நோய் வேறெங்கோ இருக்கிறது.
தம்பியை அன்று அனுப்பியிருக்கக் கூடாது.'

கோர்லிஸ் பணி முடிந்து வந்தான், முடியில் புகை வாசம்.
படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தின் மேல்
பேனாவைப் பிடித்தபடி
'இந்தத் தடவை எங்களை எண்ணுவார்களா?' என்றான்.
எனக்காகத்தான் கேட்டான், விளையாட்டாக.
ஏழெட்டு மாதமாக மாடிப்படியில்
கண் இருட்டுவதை
அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இவெட் சுவரின் இரு கரையிலும்
இரண்டு சிறு கூட்டல் குறி வைத்தாள்.
அழித்தாள். மறுபடி வைத்தாள்.
எண்ணை அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.
ஒன்பது வருடமாக இதைப் படித்தவன் நான்.
பதினேழு.

புது ரத்தம் போயிருக்கிறது.
அதில் ஓர் எழுத்து கிடைத்திருக்கிறது,
'பொருள் தெளிவில்லை' என்று பதில்.
ஒப்பிட இன்னும் போதிய ஆட்கள் இல்லை,
எங்களைப் போன்றவர்கள்.

மருத்துவமனை வாகன நிறுத்தம், மாலை.
கோர்லிஸ் காரின் முன்மூடியில் உட்கார்ந்து
கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான்.
'ஓடு' என்றான்.
அலுவலகச் சப்பாத்தோடு
நான்கு வரிசைக் கார்களைச் சுற்றி ஓடினேன்.
முதல் வளைவிலேயே தொடை கத்தியது.
நெஞ்சு மட்டும்
வாடகை பாக்கியில்லாத வீடு போல
அமைதியாக இருந்தது.
'எண்பத்தொன்று' என்றான். 'கிழவா.'
ஒரு கையில் கைப்பேசி.
மற்றதைச் சட்டைக்குள் விட்டு
மேலும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.