கைமாற்றுக் குறிப்பு

செம்மண்டலம் இளவழுதி அவர்களுக்கு,
தடையில்லாச் சான்று புதன்கிழமை கிடைத்துவிடும் என்கிறார்கள்.
அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.
சாவியோடு தந்தால் டேஷ்போர்டுக்குள் திணித்துவிடுவீர்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் பறக்காதீர்கள்.
ராத்திரி முழுக்க எண்ணெய்
கீழே தொட்டியில் படுத்துக் கிடந்திருக்கிறது.
எழுந்து மேலே வர ஒரு நிமிஷம் கொடுங்கள்.
நான் அதற்குள் தலை பின்னிவிடுவேன்.
உங்களுக்குத் தலைமுடி இல்லை,
வேறு ஏதாவது செய்யுங்கள்.

ஆயில் மாற்றப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்கிறது புத்தகம்.
அதை எழுதியவர் மரக்காணத்து உப்புக் காற்றில்
ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.
ஏழாயிரத்தில் மாற்றுங்கள்.
சீல் உடைந்த டப்பாவை வாங்காதீர்கள்,
கடைக்காரர் சித்தப்பாவாகவே இருந்தாலும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்.
எனக்கு விழுந்தவை:
சவுக்கு ஊசிகள், அரைக் கைப்பிடி மணல்,
முழுசாக ஒரு தட்டான் இறக்கை.
தான் விட்ட பெருமூச்சைக் கொண்டே
அடுத்த மூச்சை இழுத்துத் திணிக்கிற வண்டி இது.
விசில் அதனால்தான், பயப்படாதீர்கள்.
விசில் ஊளையானால் ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள்.
கறுப்புப் புகை வந்தால் காற்று எங்கோ ஒழுகுகிறது.
நீலப் புகை வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு
எனக்கல்ல, மஞ்சக்குப்பம் ஜபருல்லாவுக்குப் போன் போடுங்கள்.

பில்லில் பார்த்திருப்பீர்கள், இது இரண்டாவது டர்போ.
நீங்கள் கேட்கவில்லை.
முதலாவதை நான்தான் கொன்றேன்.

எழுபது பை இறால் குஞ்சு,
ஆக்சிஜன் அடைத்து ரப்பர் போட்டது,
விடிவதற்குள் பரங்கிப்பேட்டையில் இறங்கியாக வேண்டும்.
காலாப்பட்டு தாண்டி ஒரே மிதி.
ஊருக்குள் எல்லா சிக்னலும் மஞ்சளில் கண்ணடித்தது.
அரியாங்குப்பம் பாலம் இறங்கியதும் போன்.
"எங்கம்மா இருக்கே?" பண்ணைக்காரர்.
இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று
வந்த சூட்டோடு சாவியைத் திருப்பினேன்.
முதல் தடவை இல்லை. நானூறாவதாக இருக்கலாம்.
கணக்கு அன்றைக்கு முடிந்தது.

இன்ஜின் நின்றுவிடும். டர்போ நிற்காது.
லட்சம் சுற்றில் வந்தது
எண்ணெய் வரத்து நின்ற பிறகும்
இருட்டில் தனியே சுற்றிக்கொண்டிருக்கும்.
தண்டில் ஒட்டிய மிச்ச எண்ணெய் கருகும்.
ஜபருல்லா பிறகு கழற்றிக் காட்டினார்:
உள்ளே வடைச்சட்டி அடி.
விரல் பட்டதும் தண்டு ஆடியது,
விழப்போகிற பால்பல் மாதிரி.

கிருமாம்பாக்கத்தில் நின்றுபோனேன்.
பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தேன்.
உயிருள்ள குஞ்சு கண்ணாடி, செத்தது வெள்ளை.
பை பையாகப் பார்த்தேன்.
முதலில் ஓரங்களில் வெள்ளை,
பிறகு நடுவில்.
முப்பத்தோராவது பையில் டார்ச்சை அணைத்தேன்.
அதை மட்டும் உடனே அணைக்கலாம்.

ஆகவே இரண்டு நிமிஷம்.
எங்கே போய்ச் சேர்ந்தாலும், யார் காத்திருந்தாலும்,
ஓடவிட்டு உட்காருங்கள். போன் அடிக்கட்டும்.
அந்த இரண்டு நிமிஷங்களில் நான்
டீசல் கணக்கு எழுதியிருக்கிறேன்,
பாக்கெட் முறுக்கைத் தின்று தீர்த்திருக்கிறேன்,
வங்கிக்காரரைத் திட்ட ஒத்திகை பார்த்திருக்கிறேன்.
மனசும் சேர்ந்து ஆறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
எண்ணெய் ஆறும். அதுவே போதும்.

ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்கள்.
பெரியது வாங்கிவிட்டேன், குளிர்ப்பெட்டியோடு.
அதுவும் டர்போதான்.

இடதுபக்கக் கண்ணாடி பாதிதான் இறங்கும்.
மழைநாளில் பின்னால் லேசாக இறால் வாடை வரும்,
விலையில் அதைக் குறைத்தாயிற்று.
இரண்டாவது சாவி அக்கா வீட்டில் இருக்கிறது.
ஞாயிறு தருகிறேன்.

கலாவல்லி,
முத்தியால்பேட்டை.