சரிவு

ஹட்டனில் நான் டைல்ஸ் விற்கிற கடை
முன்பு தியேட்டர்.
கூரையை மாற்றினார்கள், கதவை மாற்றினார்கள்.
எத்தனை மூட்டை சீமெந்து கொட்டியும்
தரையின் சரிவு மட்டும் முழுசாய்ப் போகவில்லை.

காலையில் நோர்வூட்டிலிருந்து ஒரு குடும்பம்.
குளியலறைக்கு நீலமா பச்சையா என்று
புருசனும் பெண்சாதியும் இழுபறியில் இருக்க
பொடியன் கையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசு
நழுவி, யாரையும் கேட்காமல் உருண்டு,
வாஷ்பேசின்களைத் தாண்டி
திரை இருந்த இடத்தில் போய்ப் படுத்தது.

அங்கேதான் போகும்.
எனக்குத் தெரியும்.

தவமலரின் காசும் அப்படித்தான் போனது.
டிக்கோயா பஸ்ஸுக்கு முடிந்து வைத்திருந்த
மொத்தச் சில்லறையும்.
கெலரி வாங்குகளுக்கு அடியில்
பீடித்துண்டுகளுக்குள் கைவிட்டுத் தவழ்ந்தோம்.
தலைக்கு மேலே கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
முன்வரிசையே திரும்பி ஏசியது.

கிடைத்தது பாதிக் காசு.
பிறகு இருட்டிலேயே பொட்டலத்தைப் பிரித்தோம்:
ரொட்டி, கட்டச்சம்பல்.
உறைப்பில் இருவருக்கும் கண்ணீர்.
பக்கத்தில் இருந்த பெரியம்மா
படத்துக்குத்தான் அழுகிறோமென்று
முந்தானையை நீட்டினாள்.

கதாநாயகி பெட்டியோடு படியிறங்குகையில்
கரண்ட் போனது.
வரவேயில்லை.

மழையில் நடந்தே போனோம்.
மறுநாள் பெரட்டுக்குப் பிந்தியதில்
ரெண்டு பேருக்கும் அரைப்பேர்.
அந்த மாசம் முழுக்க, பக்கத்துப் பக்கத்து நிரையில்,
கொழுந்தோடு கொழுந்தாய் முடிவைப் பறித்தோம்.
அவன் ஸ்டேஷனுக்கு ஓடிவருவான் என்றேன் நான்.
"வந்தாலென்ன,
அவ டிக்கட் எடுத்துட்டால்ல" என்றாள் தவமலர்.

அவளும் எடுத்தாள்.
குவைத்துக்கு.
பதினாறு வருசம்.

போன மாசம்
பாதையில் மண் சரிந்து பஸ் நின்ற மூன்று மணிநேரத்தில்
அந்தப் படம் என் போனில் அகப்பட்டது.
ஓடிவருகிறான்.
மன்னிப்புக் கேட்கிறான்.
பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு திரும்புகிறான்.
நான் சொன்ன முடிவேதான்.
ஏனோ ஆத்திரமாய் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்டோருக்குள் போவேன்.
பின்சுவரில்
பேனர் வரைந்த யாரோ தூரிகை பழகிய ஒற்றைக் கண்.
முதலாளி மூன்று தரம் வெள்ளை பூசிவிட்டார்.
ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தோடு ஈரமாய்
இமை முதலில் வரும்,
பிறகு கருமணி.

இன்றைக்கும் ரொட்டிதான்.
சம்பலில் கை வைத்ததும்
குவைத்துக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினேன்:
"தவம், அந்தப் படத்துட முடிவப் பார்த்துட்டேன்டி."

பதில் வர ராவானது.
பின்னால் யாருடையதோ பிள்ளை அழுகிறது,
குக்கர் விசிலடிக்கிறது.
"சொல்லிறாத" என்றாள்.
பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"அந்தக் காசு கெடச்சிச்சா?"

பத்து ரூபாய் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
பொடியன் மறந்துபோனான்.
பச்சைதான் எடுத்தார்கள்.