மழைக்கணக்கு

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
எதிர்க்குன்றில் பகோடா நனைகிறது.
மேல்கூரையில் விழுந்த துளி விளிம்புவரை ஓடி
கீழ்க்கூரையில் சொட்டுகிறது.
மேலிருந்து வரும் இன்னொரு நீரைச் சந்தித்தால்
அதன் ஓட்டம் அங்கேயே முடிகிறது.

என் திரையிலும் அதே மழைதான்.
பிறை துறைமுகத்து நான்காம் கிரேனின்
நாற்பது நாள் நடுக்கத்தைச்
செங்குத்தாக நிறுத்தி
கூரைகூரையாக நீர் வழியவிட்டு எண்ணுகிறேன்,
எந்தச் சிறிய அலை
எந்தப் பெரியதின் வயிற்றுக்குள் என்று.

எண்ணி முடித்ததும் நாட்கள் தொலைந்துபோகும்.
திங்கள் முன்னா வியாழன் முன்னா,
கூட்டல் கேட்பதில்லை.
இரும்பு கேட்கும்.

இன்னொன்று:
கொக்கி காலியாகத் தொங்கும்போதும்
அந்தக் கை தன்னையே தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.
பூஜ்யத்துக்கு அது திரும்புவதே இல்லை.
அந்த ஓயாத இழுவையின் மேல்தான் ஒவ்வொரு பெட்டியும்.
அதற்கென்று ஒரு சாய்கோடு போட்டு
ஆயுளில் கழித்தேன்.
பாதிக்குமேல் போயிற்று.

பதினேழாம் நாள், அதிகாலை மூன்று பத்து:
ஒரே ஒரு முகடு
கட்டத்தை விட்டு வெளியே பாய்கிறது.
பதிவேட்டில் அந்த இரவு வெறுமை.

மறுநாள் கிரேனடியில் கேட்டேன்.
எல்லோரும் கோப்பியைப் பார்த்தார்கள்.
ஷிப்ட் முடிந்து, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி
இருசப்பன் வந்தான்.
"நான்தான், மிஸ். எடையைப் பொய்யா எழுதியிருந்த பெட்டி.
தூக்கினதும் தெரிஞ்சிருச்சு லா. கப்பல் காத்துக்கிட்டிருந்துச்சு.
நான் உடைச்சிட்டேனா?"

எப்படிச் சொல்வேன்,
ஒரு பெரிய இழுப்பு சில நேரம்
விரிசலின் நுனியைச் சுற்றிலும் நெருக்கிப் பிடித்துவிடும் என்று;
பின்னால் வரும் சின்னச் சுமைகள்
அங்கே தட்டித் தட்டித் திரும்பும், கொஞ்ச காலம்.
அந்த இரவு அவன் கிரேனுக்குச்
சில மாதங்களைக் கொடுத்திருக்கலாம்.
முதல் கீறலையே போட்டும் இருக்கலாம்.

என் கூட்டுத்தொகை பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று.
ஒன்றானால் முறியும் என்பது விதி.
ஆய்வுக்கூடத்தில் பாதியிலேயே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்,
இரண்டைத் தாண்டி நின்றதையும்.

"அச்சாணியை மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன்."
"அது பதில் இல்லையே, மிஸ்."
"இல்லை."

மாலை பெர்ரியில் திரும்பினேன்.
கரை தட்டியதும் இரும்புப் பாலம் இறங்க,
மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின,
டடக், டடக்.
எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.